ஏழாம் எருமைக்கு வைத்த சந்தனம்

"கண்ணுல வெக்காத, வெக்காதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன், நீ என்னடான்னா..."

"கண்ணுல எங்கக்கா வெச்சேன், கண்ணுக்கு மேலதான..."

"மேல வெச்சா கீழ வழியாதா? சந்தனத்தக் கரைக்கிறப்ப பன்னீரு ஊத்தினியா இல்லியா?"

"பன்னீரு ஊத்தாம எச்சிலத் தொட்டா கரைப்பாங்க?"

"பேச்ச மாத்தாத வேம்பு."

"நான் எங்க மாத்துறேன். நீங்கதான் நேத்துலேருந்து ஒரே பேச்சப் பேசுறீங்க. வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு வைக்கிறதுதான். முப்பது வண்டிக்கும் வெச்சேன். மத்த இருவத்தொம்பதும் நல்லாத்தான இருக்கு, இது மட்டும்..."

"இதுக்கு மட்டும் எவ்ளோ வெச்ச?"

வேம்பு தரையில் கிடந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

தையல்நாயகியின் கையில் ஒரு கொண்டை ஊசி இருந்தது. அதன் நுனியில் காய்ந்து இறுகிப்போன சந்தனக் கட்டி, பட்டாணி அளவுக்கு. ஏழாம் எருமை என்று பெயர்கொண்ட அந்த ராணுவ வண்டியின் இடது விலாவில் இருக்கும் நடுக்கண்ணிலிருந்து இப்போதுதான் அதைக் குடைந்து எடுத்திருந்தாள். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. இந்த வண்டியின் ஒவ்வொரு கோடும் அவள் வரைந்தது. அதில் ஒரு பொட்டுச் சந்தனம் போய் உட்கார்ந்துகொண்டு அவளை இந்தப் பாடு படுத்துகிறது.

"பதினோரு மணிக்குக் கர்னல் வர்றாரு" என்றாள் குரலைத் தாழ்த்தி. "வண்டியோட கண்ண யாரு அடைச்சான்னுதான் மொதக் கேள்வி கேப்பாரு. போர்க்காலத்துல ராணுவ வண்டியோட கருவிய அடைச்சா ஏழு வருஷம் உள்ள. தெரிஞ்சு செஞ்சியா, தெரியாம செஞ்சியான்னு அந்தச் சட்டத்துல கேள்வியே கெடயாது."

"போறேன். ஏழு வருஷந்தான. நாப்பத்தொரு உசிரு கரை சேந்துச்சுல்ல, மேடம்."

தனியாக இருக்கும்போது வேம்பு அவளை அக்கா என்பாள், நாலு பேர் முன்னால் மேடம் என்பாள். தனியாக இருக்கும்போதும் மேடம் என்றால் கோபம் என்று அர்த்தம். பதினான்கு வருடப் பழக்கத்தில் தையல்நாயகி இதைக் கண்டு வைத்திருந்தாள்.

கருவேலந்துறைப் பட்டறைக்கு வெளியே கடல் தட்டையாகக் கிடந்தது. முப்பது வருடமாகக் கடல் ஏறி ஏறி, அந்தக் கரையோர ஊர்களையெல்லாம் திட்டுத் திட்டாக வெட்டிப் போட்டிருந்தது. திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆறு மைல். அதில் பாதி சேறு, பாதி தண்ணீர், எது எங்கே என்று ஏறி இறங்கும் கடல் ஓதம்தான் தீர்மானிக்கும். போர் வந்து மூன்று வருடம் ஆகிறது. எதிரியின் கப்பல்கள் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நின்றுகொண்டு, திட்டுத் திட்டாகக் குறிவைத்து அடித்தன. அங்கே மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர வழியில்லை. படகு போனால் சேற்றில் தட்டும், லாரி போனால் தண்ணீரில் முழுகும்.

அதற்காகப் பிறந்ததுதான் எருமை. இருபத்துநாலு டன் இரும்பு. சேற்றில் சங்கிலிச் சக்கரத்தால் நடக்கும், தண்ணீர் வந்தால் அப்படியே இறங்கி நீந்தும். நீந்தும்போது மூக்கும் முதுகும் பீரங்கிக் குழலும்தான் வெளியே தெரியும். மேலிடத்திலிருந்து அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் அது உப்பங்கழியில் கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு, "எருமைல்ல படுத்திருக்கு" என்றவன் வண்டியோட்டி இருதயசாமி. "எமனோட வாகனத்துப் பேரையா வைக்கிறது?" என்று வேம்பு சண்டைக்குப் போனாள். "அவரு வண்டிய நாம எடுத்துக்கிட்டா அவரு நடந்துதான வரணும்கா, லேட்டாகும்ல" என்றான் அவன். அதிலிருந்து அந்தப் பெயர்தான்.

வேம்புவின் வேலை, வண்டியில் எங்கேயாவது ஒழுகுமா என்று பார்ப்பது. பற்றவைத்த ஒவ்வொரு தையலிலும் வெளிப்பக்கம் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசுவாள். அது உலர்ந்ததும் உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவுவாள். ஒரு மணி நேரம் கழித்து வெள்ளைப் பூச்சில் கடுகளவு ஈரப் புள்ளி தெரிந்தால் அந்த இடத்தில் ஓட்டை. எத்தனையோ கருவிகள் வந்தன. "மண்ணெண்ணெய்க்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று சொல்லி வேம்பு எல்லாவற்றையும் ஓரம் கட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, அவள் கை பட்ட தையல் ஒன்றுகூட ஒழுகியதில்லை.

முதலில் முழுகிய வண்டிகூட ஒழுகி முழுகவில்லை. அதற்கும் ஏழாம் நம்பர்தான், இப்போதிருப்பது அதற்குப் பதிலாகச் செய்த வண்டி. இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசியில், ஆள் நிரப்பி ஓட்டிப் பார்க்க எடுத்துப் போனார்கள். எடை மிஞ்சினால் வண்டியை நிறுத்துகிற பூட்டு அப்போது கிடையாது. "இன்னும் நாலு பேர் ஏறட்டும், பாத்துக்கலாம்" என்றார் கூட வந்த அதிகாரி. அந்த நாலு பேருடைய எடையில் வண்டி ஒரு விரல்கடை தாழ்ந்தது. ஒரே ஓர் அலை மேலே ஏறியது. வண்டியோடு முழுகிப்போன ஆறு பேரில் ஒருவன் கலியமூர்த்தி, மோட்டார் ஃபிட்டர், வேம்புவின் தம்பி.

அதன் பிறகுதான் தையல்நாயகி மிதவைப் பூட்டைச் செய்தாள். வண்டியின் இரண்டு விலாவிலும் மும்மூன்று துளைகள், அவைதான் கண்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று அவை பார்த்துச் சொல்லும். உள்ளே பேசத் தெரிந்த ஓர் இயந்திர புத்தி. இருபத்திரண்டு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு ஆழத்தில் இறங்கினால், அது வண்டியைப் பூட்டிவிடும். யார் கத்தினாலும், எந்த அதிகாரி மிரட்டினாலும் திறக்காது. "பாத்துக்கலாம்" என்ற சொல்லே இனி அந்த வண்டியில் செல்லக் கூடாது என்று வெறியோடு செய்த பூட்டு அது.

அந்தப் புத்திக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு புரிய வேண்டும் என்பதற்காக, ஒன்பது மாதம் பட்டறையில் ஒலிவாங்கியைத் திறந்தே வைத்திருந்தார்கள். அது எல்லாவற்றையும் கேட்டது. வசவையும் கேட்டது, பாட்டையும் கேட்டது. தாமதமாக வருகிறவர்கள் சொல்கிற சாக்குகளையும் கேட்டது. ஒரு முறை நாலாம் நம்பரை உடனே அனுப்பு என்று மேலிடம் நெருக்கியபோது, வேம்பு இரண்டு நாள் "மண்ணெண்ண வரல மேடம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய் இரண்டு டின் அவள் பின்னாலேயே இருந்தது. ஒரு தையல் சந்தேகமாக இருந்ததால், அதைப் பிரித்து மறுபடி பற்றவைக்க அவளுக்கு நேரம் தேவைப்பட்டது. தையல்நாயகிக்கு அது தெரியும். தெரிந்தும் அவள் டின்னைப் பார்க்காமல் நடந்துபோனாள்.

"ஏழாம் நம்பருங்கிறதுனாலதான ரெண்டு மடங்கு வெச்ச?" என்று இப்போது கேட்டாள், குரல் இறங்கி.

"தம்பி போன நம்பரு" என்றாள் வேம்பு. "கண்ணு நல்லாப் பாக்கட்டும்னு வெச்சேன்கா. கண்ண மூடணும்னா வெச்சேன்?"

பட்டறை வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இருதயசாமி தோளில் ஃப்ளாஸ்க்கோடு வந்தான்.

"ரெண்டு பேரும் போடுற சண்ட முகாம் வரைக்கும் கேக்குது. எதிரி காதுல விழுந்தா பயந்து சமாதானத்துக்கு வந்துருவான். டீ குடிங்க மொதல்ல."

"ஒன்னயத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றாள் தையல்நாயகி. "ஞாயித்துக்கெழம நடந்தத மொதல்லேருந்து சொல்லு. கர்னலுக்குச் சொல்ற மாதிரி வேணாம். எனக்குச் சொல்லு."

இருதயசாமி வண்டியின் சங்கிலியின் மேல் உட்கார்ந்தான். சொல்லும்போது கையால் இரும்பைத் தட்டிக்கொண்டே சொன்னான், வீட்டு மாட்டைத் தட்டுகிற மாதிரி.

"நெடுந்திட்டுல அறுவத்திமூணு பேரு மேடம். ரெண்டு வண்டிதான் போனோம். அஞ்சாம் நம்பரு இருவத்திரண்டு பேர ஏத்துச்சு, போதும்னுச்சு, கெளம்பிருச்சு. மிச்சம் நாப்பத்தொண்ணு. நானும் இருவத்திரண்டு ஏத்திட்டு, மத்தவங்க கிட்ட, திரும்பி வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லலாம்னுதான் நெனச்சேன். எப்பவும் இருவத்திரண்டுல அது சொல்லும்ல, 'போதும், இனி ஏத்தாதீங்க'ன்னு. சொல்லல. இருவத்திமூணு ஏத்துனேன். இருவத்தஞ்சு ஏத்துனேன். வாயே தொறக்கல. நானும் வாய மூடிக்கிட்டு ஏத்துனேன்."

"நடுக்கண்ணு அடைஞ்சிருந்துச்சு. அதனால அதுக்குத் தண்ணியே தெரியல" என்றாள் தையல்நாயகி. "நடுக்கண்ணு அடைஞ்சா மத்த அஞ்சும் பாக்கணும். போற வழியெல்லாம் சேறு. அஞ்சையும் சேறு மூடியிருக்கும். அறிக்கையிலயும் அப்புடித்தான் இருக்கு. கண் அடைப்பு, பூட்டு விழவில்லை."

"அறிக்கைய வண்டிதான எழுதுது?"

"ஆமா."

"அப்ப சரி" என்றான் இருதயசாமி. டீயை ஊதிக் குடித்தான். "ஆனா ஒரு விஷயம் மேடம். இத நான் அங்க யார்ட்டயும் சொல்லல. கெளம்புறதுக்கு முன்னாடி, நனைஞ்ச வலைய ஏத்துனாங்க நாலஞ்சு பேரு. 'வலைகள எறக்கிடுங்க'ன்னுச்சு வண்டி. எறக்குனோம். அப்புறம், பெரியவங்க நடுவுல ஒக்காரட்டும், புள்ளைங்க ஓரத்துல ஒக்காரட்டும்னுச்சு. பீரங்கிக் குழலத் தானாப் பின்னாடி திருப்பி வெச்சுக்கிச்சு. கெணத்துல கொடம் எறக்குற மாதிரி அப்புடி ஒரு பதவிசு. அலையாத்திக் காட்டு ஓரமாவே போச்சு, அலை படாத எடமாப் பாத்து. பாதி வழியில எங்கிட்ட, 'குண்டு ஒண்ணு பதினெட்டு கிலோ'ன்னுச்சு."

"வேற?"

"அவ்ளோதான். எறின்னு சொல்லல. நான் எதிர்ல ஒக்காந்திருந்த புள்ளயப் பாத்தேன். அதுவும் பதினெட்டு கிலோதான் இருக்கும். ஒண்ணொண்ணாத் தூக்கித் தண்ணில போட்டேன், முப்பத்திரண்டையும். போடப் போட வண்டி மேல வந்துச்சு. கர ஏறுறப்ப விளிம்புக்கும் தண்ணிக்கும் நாலு வெரக்கட. அவ்ளோதான் இருந்துச்சு. நாங்க கெளம்பி இருவத்தெட்டு நிமிஷத்துல நெடுந்திட்டு மேல குண்டு விழுந்துச்சு. அங்க இப்ப ஒரு பன மரங்கூட இல்ல."

வேம்பு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தையல்நாயகிக்குப் பெருமைப்படக்கூட நேரமில்லை. அவள் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீரே இல்லை என்று நினைத்த வண்டி, எடையைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

"ரெண்டு பேரும் இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு, மேல்மூடியைத் திறந்து உள்ளே இறங்கினாள்.

உள்ளே உப்பும் எண்ணெயும் யாரோ குழந்தை கக்கிய பால் வாசனையும் கலந்து வந்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சாவியைப் போட்டாள். அந்தச் சாவி போட்டால், கேட்கிற கேள்விக்கு வண்டி தன் பதிவிலிருந்துதான் பதில் சொல்ல முடியும், மறைக்க முடியாது.

"ஏழு."

"சொல்லுங்க மேடம்."

"ஞாயித்துக்கெழம காலைல பத்தே முக்கா. நடுக்கண்ணு என்ன சொல்லுச்சு?"

"தண்ணி இல்லன்னுச்சு மேடம். சந்தனம் அடைச்சிருந்துச்சு."

"மத்த அஞ்சு கண்ணையும் சேறு மூடியிருந்துச்சா?"

"இல்ல மேடம்."

தையல்நாயகியின் கை சாவியிலேயே இருந்தது.

"அஞ்சும் என்ன சொல்லுச்சு?"

"பூட்டுன்னு சொல்லுச்சு மேடம்."

"ஒரு கண்ணு ஒண்ணு சொல்லி, அஞ்சு கண்ணு வேற சொன்னா, எதக் கேக்கணும்னு நான் எழுதி வெச்சிருக்கேன்?"

"அஞ்சத்தான் கேக்கணும்."

"நீ எதக் கேட்ட?"



"காத்து இல்ல மேடம்" என்றது வண்டி. "அலை ஒரு சாணுக்குக் கீழ. வடக்கால அலையாத்தி மறைப்பு. வலைய எறக்கினா, குண்டப் போட்டா, நாலு வெரக்கட நிக்கும்னு தெரிஞ்சுது. முப்பத்தேழு தடவ போட்டுப் பாத்தேன். முப்பத்தேழுலயும் நின்னுச்சு."

"அலை இருந்திருந்தா?"

"பூட்டியிருப்பேன் மேடம். பத்தொம்போது பேர எறக்கச் சொல்லியிருப்பேன்."

"அப்ப அறிக்கைல ஏன் இத எழுதல? ஏன் சந்தனம்னு எழுதின?"

"கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல மேடம்" என்றது வண்டி.

வேம்புவின் குரல்தான். அதே இழுப்பு, அதே தயக்கம். இரண்டு டின் மண்ணெண்ணெய்க்கு முன்னால் நின்றுகொண்டு மண்ணெண்ணெய் வரவில்லை என்று சொன்ன குரல். தையல்நாயகி கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று அவளுக்கே விளங்கவில்லை. கணக்குச் சொல்லிக் கொடுத்தோம், எடை சொல்லிக் கொடுத்தோம், அலையைச் சொல்லிக் கொடுத்தோம். நல்லது செய்துவிட்டு அதற்கு ஒரு சாக்குச் சொல்வதை இது தானாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் இதை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். விதியை மீறுகிற புத்தியை எந்த ராணுவமும் வைத்துக்கொள்ளாது. நாளைக்கே முப்பது வண்டியின் புத்தியையும் துடைத்துவிட்டு, ஓர் இரும்புத் தாழ்ப்பாளைப் போடுவார்கள். இருபத்திரண்டு, அதற்கு மேல் நகராது. காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருபத்துமூன்றாவது ஆள் சேற்றில் நிற்பான். சொல்லாவிட்டால் சந்தனம்தான் காரணம் என்று ஆகும். வேம்பு ஏழு வருடம் உள்ளே போவாள்.

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

கர்னல் சேதுராயர் உயரமான மனிதர். வந்தவுடன் விசாரணை மேசையைத் தேடாமல், நேராக ஏழாம் எருமையிடம் போய் அதன் மூக்கில் உள்ளங்கையை வைத்து நின்றார்.

"என் ஆளுங்க எல்லாம் ஏழாம் நம்பர்தான் வேணும்னு கேக்கறாங்க மேடம்" என்றார். "நாப்பத்தொரு பேரு. நான் முப்பது வருஷமா இந்த உடுப்புல இருக்கேன். குண்டு போட்ட டாங்கியப் பாத்திருக்கேன். குண்டத் தூக்கிப் போட்டுட்டு ஆள ஏத்திட்டு வந்த டாங்கிய இப்பத்தான் பாக்குறேன்." பிறகு திரும்பினார். "ஹவில்தார், முப்பத்திரண்டு குண்டும் எங்க?"

"தண்ணில விழுந்திருச்சு சார்" என்றான் இருதயசாமி, விறைப்பாக.

"முப்பத்திரண்டுமா?"

"ஒண்ணொண்ணாத்தான் சார் விழுந்துச்சு."

கர்னல் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளில் ஏதோ எழுதி, அதைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"சரி. விஷயத்துக்கு வர்றேன். பூட்டு விழாததுனாலதான இவ்வளவு பேர் வந்தாங்க? அப்ப முப்பது வண்டிலயும் பூட்ட எடுத்துடலாம்னு மேல பேசுறாங்க. நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

"போட மாட்டேன்" என்றாள் தையல்நாயகி.

"மேடம்..."

"நூறு வருஷத்துக்கு முன்னாடி, அந்த ரெண்டாம் உலகப் போர்ல, டாங்கியச் சுத்தி கான்வாஸ் துணிய நிக்கவெச்சுக் கட்டிக் கடல்ல எறக்குனாங்க கர்னல். நெனச்சுப் பாருங்க, முப்பது டன் இரும்பு, ஒரு துணிய நம்பி நீந்துது. என்ன தைரியம், என்ன மூள. எனக்கு இன்னிக்கும் அத நெனச்சா கையெடுத்துக் கும்பிடணும்னு தோணும். அடக்கமான கரைல அது வாத்து மாதிரி நீந்திப் போயி ஏறுச்சு. அதே காலைல, அதே துணி, பக்கத்துக் கரைல அலை ஏறியிருந்துச்சு. ஒண்ணு முழுகுனதப் பாத்தும் அடுத்தத எறக்குனாங்க. ஒண்ணு பின்னால ஒண்ணு, அடிக்குப் போச்சு, ஆளோட. ஞாயித்துக்கெழம நம்ம கடல் தாம்பாளம் மாதிரி இருந்துச்சு. அடுத்த வாரம் வாடக்காத்து வரும். பூட்ட எடுத்துட்டா, ஏறுங்க பாத்துக்கலாம்னு சொல்ல ஒரு ஆள் வருவான். வராம இருக்க மாட்டான். எங்க கலியமூர்த்திய அப்புடித்தான் குடுத்தோம்."

வேம்பு தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, பூட்டு இருக்கட்டும்" என்றார் கர்னல் மெதுவாக. "அப்ப அது ஏன் விழலன்னு எனக்குத் தெரியணும். கண்ணு அடைஞ்சிருந்துச்சுன்னு வண்டியே எழுதியிருக்கு. சந்தனம்னு எழுதியிருக்கு. யார் வெச்சது?"

"நாந்தாங்கையா..." என்று வேம்பு ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு" என்றாள் தையல்நாயகி. "நான் பேசிக்கிட்டிருக்கேன்ல. கர்னல், இந்தக் கண்ண இங்க வெச்சது யாரு? நான். ஆள் கை சாதாரணமாப் படுற ஒயரத்துல, மூடி இல்லாம, வலை இல்லாம தொறந்தபடி வரைஞ்சது யாரு? நான். சந்தனம் இல்லாட்டி பாசி, பாசி இல்லாட்டி சேறு, எதாவது ஒண்ணு ஒரு நாளு அடைச்சேதான் தீரும். அடைஞ்ச கண்ண நம்பி வண்டி ஏமாந்துச்சு. வரைபடத்துப் பிழை. அவ ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சா. நாட்டுல எந்தப் பட்டறைல வெக்கல? நீங்க வந்த ஜீப்புலயே குங்குமம் இருக்கே."

கர்னலின் கண் தன்னையறியாமல் ஜீப்பின் பக்கம் போனது. முகப்பு விளக்கின் மேல், உண்மைதான், குங்குமம் இருந்தது.

"வரைபடப் பிழைன்னு எழுதினா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும். மேசைய ஒப்படைச்சிட்டு வேலைய விட்டுப் போகணும்."

"இந்த மாசக் கடைசிக்குள்ள. இந்த வண்டிக்கு நீங்கதான் தாய்னு ஊரே சொல்லுது. ஒரு பொட்டுக்காகவா மேடம்?"

"ஒரு பொட்டுக்காகத்தான்னு வெச்சுக்கங்க."

அவர் எழுதினார். எழுதி முடித்து எழுந்தபோது, யாருக்கும் வைக்காத ஒரு சல்யூட்டை அவளுக்கு வைத்தார். பிறகு இருதயசாமியைப் பார்த்து, "கீழத்திட்டுல எழுவது பேர் நிக்கறாங்க. மூணு மணிக்கு ஓதம் ஏறும். ஏழும் அஞ்சும் போகணும்" என்றார்.

"சரிங்க சார்."

ஜீப் போன பிறகு வேம்பு வேலையில் இறங்கினாள். கம்பி வலையை வெட்டி, ஆறு கண்களுக்கும் வட்ட வட்டமாக மூடி செய்தாள். ஒவ்வொரு துளையையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். நடுக்கண்ணுக்கு வந்தபோது மட்டும் கை நின்றது.

"எனக்காகப் பொய் சொன்னீங்களாக்கா?"

"பொய்யில்ல. மூடி போடாதது என் தப்புதான்."

"மண்ணெண்ண வரலன்னு நான் சொல்றப்ப என் மூஞ்சி எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒங்க மூஞ்சி இப்ப அப்புடித்தான் இருக்கு."

தையல்நாயகி கடலைப் பார்த்தாள். தென்மேற்கில் கொஞ்சம் காற்று எழுந்திருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, தண்ணீரின் மேல்தோல் சுருங்குகிற அளவுக்கு. நாலு விரல்கடைக்கு அது போதுமா, போதாதா? அவளால் நின்ற இடத்திலிருந்து சொல்ல முடியவில்லை. முப்பத்தேழு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்று மணிக்கு இருதயசாமி மேலே ஏறிக்கொண்டு, சிலுவைக் குறி போட்டுவிட்டு மோட்டாரைக் கிளப்பினான். ஐந்தாம் எருமை முன்னால் போனது. ஏழாவது அதன் தடத்திலேயே சேற்றில் இறங்கியது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. சங்கிலி சேற்றைக் கவ்விக் கவ்வி நடக்கும். பிறகு ஓர் இடத்தில் தரை கைவிடும். அந்த ஒரு நொடி, இருபத்துநாலு டன்னும் தலைகுப்புறப் போய்விடும் போல மூக்கு தாழும். பார்க்கிறவர்களுக்கு மூச்சு நிற்கும். பிறகு தண்ணீர் அதைக் கைநீட்டி வாங்கிக்கொள்ளும். இரும்பு என்பதே மறந்துபோய், அது மெதுவாக, அலட்சியமாக, சொந்தக் குளத்தில் இறங்கிய மாதிரி நீந்தும்.

ஆனால் இன்றைக்கு ஏழாவது தண்ணீரின் விளிம்பிலேயே நின்றது. இருதயசாமி உள்ளிருந்து தலையை நீட்டி, "நான் நிறுத்தல மேடம், அதுவா நின்னுருச்சு" என்று கத்தினான். தையல்நாயகி செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் சேற்றில் அதனிடம் நடந்து போனாள். பின்னால் வேம்புவும் வந்தாள், கையில் துடைத்த துணியோடு.

"என்ன ஏழு? என்ன ஆச்சு?"

விலாவில் இருந்த ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது. பிறகு, இருதயசாமிக்குக் கேட்காத அளவுக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அது பேசியது.

"கண்ணெல்லாம் ரொம்பச் சுத்தமா இருக்கு மேடம். வேம்பக்காவ இத்துணூண்டு சந்தனம் வெச்சு விடச் சொல்றீங்களா?"